பதம்

கம்பானின் முகத்தை நான் பார்த்ததில்லை.
பார்க்கத் தேவையில்லை என்றுதான்
இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன்.
கோன் கேன் ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி,
ஜன்னலில்லாத அறை, ஒரு மைக்ரோஸ்கோப்,
முதுகுவலிக்கு ஒரு தலையணை.

கீழே அவனைக் குப்புறக் கிடத்தி
வாய் வழியே கறுப்புக் குழாயை இறக்குகிறார் டாக்டர் தனக்ரித்.
தொண்டை, இரைப்பை, சிறுகுடலின் முதல் திருப்பம்.
அங்கே சுவரில் சின்ன மேடு,
மேட்டில் ஒரு துளை, துளைக்குள் கம்பி, பிறகு மருந்து.
திரையில் பித்தக்குழாய் கிளைகிளையாய் எழும்பி
ஓரிடத்தில் மட்டும்
யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல் இறுகிக் கிடக்கிறது.

பிடித்தது யார்?
பழைய தழும்பும் பிடிக்கும்.
கல் உரசிய புண்ணும் பிடிக்கும்.
புற்றும் பிடிக்கும்.
விரல்தடம் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்று.

அதனால் ஒரு பிரஷ்.
எலிக்குஞ்சு பல் துலக்கலாம், அத்தனை சிறிது.
இறுகலுக்குள் முன்னும் பின்னும் பதினைந்து தடவை;
நர்ஸ் உரக்க எண்ணுகிறாள்.
பிறகு அதன் தலையை வெட்டிப் புட்டியில் போட்டு
லிஃப்டில் ஏற்றி அனுப்புகிறார்கள் எனக்கு.

ஜனவரியில் முதல் புட்டி.
செல்கள் தேனடைபோல் ஒட்டி ஒழுங்காய் இருந்தன.
'புற்றுச் செல்கள் தென்படவில்லை' என்று எழுதினேன்.
இல்லை என்று எழுதவில்லை.
தென்படவில்லை.
அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன்
குழாய்க்குள் பிளாஸ்டிக் குழாயோடு
பஸ் ஏறி ஊர் போனான்.
கண்ணில் மஞ்சள் வடிந்தது.
நல்ல சேதி என்றார்களாம் எல்லோரும்.

ஏப்ரல், புத்தாண்டு விடுமுறை முடிந்த மறுநாள்,
இரண்டாவது.
கருக்கள் கொஞ்சம் பருத்திருந்தன.
பிளாஸ்டிக் உரசினாலும் இப்படித்தான் பருக்கும்.
'இயல்பாக இல்லை' என்றெழுதினேன்.
கோழைச் சொல். ஆனாலும் பொய்யில்லை.

போனில் தனக்ரித்:
"பென்ஸ்ரீ, ஆமாவா, இல்லையா?"
"பிரஷ் கொடுத்ததைத்தானே டாக்டர் பார்க்க முடியும்."
அது தோலுக்கடியில், நாருக்குள் பதுங்குகிற சாதி.
வாசல் பெருக்கிய தூசியைக் கையில் கொடுத்து
நிலவறையில் திருடன் உண்டா என்றால்
என்ன சொல்ல?

ஜூன். மூன்றாவது புட்டி வரும் நாள்.
மாடிப்படியில் ஒருத்தி மூங்கில் கூடையைத் திறந்து
பசையரிசிச் சோற்றில் ஒரு துளி கிள்ளி
விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்தாள்.
கூடை முழுவதையும் அந்த ஒரு துளியில் தெரிந்துகொண்டாள்.
சோற்றுக்கு ஒளியத் தெரியாது.

"சாப்பிடுங்கள் அக்கா," என்றாள்.
வாங்கிக்கொண்டேன்.
"எலுமிச்சை பிழிந்தால்
பச்சை மீன் வெந்துபோகும் என்றுதான் நினைத்தோம்.
சீ ஆற்று மீன். இவருக்கு உயிர்.
புழு கேட்டுக்கொண்டா உள்ளே போகிறது?"
பக்கத்து ஸ்ட்ரெச்சரில் ஒருவன்,
விளக்கு கூசுமென்று முகத்தில் துண்டு.
"கம்பான்," என்று மெல்லத் தொட்டாள், "கூப்பிடுகிறார்கள்."

துண்டை அவன் விலக்குவதற்குள்
படியேறிவிட்டேன்.
சோறு தொண்டையில் நின்றது.

மாலையில் ஸ்லைடை
ஓரத்திலிருந்து ஓரம் உழுதேன்.
ரத்தம், கோழை, பித்தக் கறை.
மறுபடி உழுதேன்.
கண்ணாடியின் கீழ்மூலையில்,
அவசரத்தில் யாரும் தாண்டிப் போகிற இடத்தில்,
ஒரு கூட்டம்.
ஒன்றன்மேல் ஒன்று ஏறி,
கருவே வீட்டை அடைத்துக்கொண்டு,
விளிம்பு கடித்த ரொட்டிபோல்.
எண்ணினேன். பதினொன்று.

பேனாவால் சுற்றிலும் நான்கு புள்ளி வைத்தேன்.
கை நடுங்கியது என்று சொல்ல ஆசை.
நடுங்கவில்லை.

"பதினொன்றா? போதுமா?"
"போதும் டாக்டர்."
வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"கல்லீரலுக்குள் இன்னும் ஏறவில்லை," என்றார் கடைசியில்.
"அறுக்க இடமிருக்கிறது. இருக்கும் என்று நினைக்கிறேன்."
அவரிடமும் அவ்வளவுதான் இருந்தது.

ஒற்றைச் சொல்லை எழுதிக் கையெழுத்திட்டேன்.
தட்டில் அடுத்த புட்டி.
வழக்கம்போல் எண்ணை மட்டும் சரிபார்த்து
மூடியைத் திருகினேன்.

பிறகு நிறுத்தி,
பெயரைப் படித்தேன்.